முன் விளக்கு முதல் பின் சக்கரம் வரை

வெள்ளை வண்டியைப் படம் எடுப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பில் தூசி தெரியும், வெள்ளையில் தெரியாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. தூசி தெரியாது, வாஸ்தவம். மற்ற எல்லாம் தெரியும். எடுப்பவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் வண்டியின் கதவு வெட்கப்பட்டதுபோல் சிவந்துவிடும். சுவர் மஞ்சளாக இருந்தால் வண்டிக்குக் காமாலை. நீங்கள் விசாரணையை மாமாவின் விரலில் இருந்த கிளிப்பில் தொடங்கியதால்தான் நானும் இங்கிருந்து தொடங்குகிறேன்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புகையும் தூசியும் குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுப்போய், எங்கள் வீட்டில் வந்து படுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அறையின் காற்றை இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்கில் விடும். அது நின்றால் அவர் தாங்குவது கொஞ்ச நேரம்தான். ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கீச்கீச்சென்று கத்தும். அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு, மேசைமேல் நான் நிறுத்தியிருந்த வெள்ளை வேனின் கதவில் பொட்டு வைத்ததுபோல் விழுந்தது. பெயின்ட்டில் குறை என்று நினைத்து நான் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வைத்துக்கொண்டார். ஆனால் அது கத்துவதை என்ன செய்வது? படம் எடுக்கிற நேரத்தில் மட்டும் கழற்றி வைத்தேன். உள்நோக்கம் என்று எழுதிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

என் தொழிலை நீங்கள் ‘பொம்மை வியாபாரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிட்டு ‘மாடல்’ என்று எழுதுங்கள். குழந்தை உருட்டி விளையாடுவது பொம்மை. நான் வாங்கி விற்பது உள்ளங்கையில் அடங்கும்படி சுருக்கிய அசல் வண்டி. கதவு திறக்கும், ஸ்டீயரிங் திரும்பும், வைப்பர் தலைமுடி கனத்தில் இருக்கும். வாங்குபவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. இணையத்தில் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆகவே நான் விற்பது வண்டியே இல்லை, படம். இதை என் மனைவிக்குப் புரியவைக்க எவ்வளவோ பாடுபட்டேன். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு எத்தனை பொம்மை போச்சு என்றுதான் கேட்பாள். வீட்டில் அவற்றை ‘வண்டி’ என்று சொன்ன ஒரே ஆள் மாமா. நீல வண்டி போயிடுச்சா மாப்பிள்ளை என்று அக்கறையாக விசாரிப்பார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்ததால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீரில் துணி நனைத்து முதுகு துடைப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று எதிர்வீட்டு அம்மா பலபேர் முன்னால் சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் அவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

சிக்கல் எதில் வந்ததென்றால், எங்கள் வீட்டில் உருப்படியான வெளிச்சம் வருவது மாமாவின் அறையில் மட்டும்தான். அகலமான ஜன்னல், வெயில் நேராக விழாது. ஜன்னலோரம் என் மேசை. அதன்மேல் சாம்பல் நிற அட்டையை விரித்துப் பின்பக்கம் சுவரோடு வளைத்து ஏற்றிவிட்டால் தரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. இரண்டு பக்கமும் விளக்கு, விளக்குக்கு முன்னால் வெளிச்சம் உறுத்தாமல் இறங்க டிரேசிங் பேப்பர். தூசி தட்ட மனைவியின் மேக்கப் பிரஷ். கேமராவை மேலிருந்து வைத்து எடுக்கக் கூடாது. அந்த வண்டிக்கு ஏற்ற அளவில் ஒரு மனிதன் பக்கத்தில் நின்றால் அவன் கண் எங்கே இருக்குமோ அந்த உயரத்துக்கு, மேசையோடு மேசையாக இறக்க வேண்டும். இவ்வளவும் யாருக்கும் கைவரும். கைவராதது தெளிவு.

சின்னப் பொருளை அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது முன் விளக்கு தெளிவாக வந்தால் பின் சக்கரம் மங்கிவிடும். பின் சக்கரத்தைப் பிடித்தால் முன் விளக்கு கைவிட்டுப் போகும். அசல் பஸ்ஸைத் தெருவில் நின்று எடுத்தால் முழுக்கத் தெளிவாக வருகிறது இல்லையா? அதனால் அந்த மங்கலைப் பார்த்ததுமே கண் கண்டுபிடித்துவிடும், இது சின்னது, இது பொம்மை என்று. இதற்கு ஒரே வழி, கேமராவை அசையாமல் நிறுத்தி, ஃபோகஸை முன்னாலிருந்து பின்னால் துளித்துளியாக நகர்த்தி, வரிசையாகப் பல படங்கள் எடுப்பது. ஒவ்வொன்றிலும் தெளிவான துண்டை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டர் ஒரே படமாக ஒட்டித் தரும். ஆனால் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை அறையில் எதுவும் ஆடக் கூடாது. நடுவில் ஆடினால் எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு மாடியில், பலகைத் தளம். மெஷின் ஓடினால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் மேசை அதிரும். நடந்தால் தெரியாது, உட்கார்ந்தால் தெரியாது, படத்தில் தெரிந்துவிடும். மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்தேன், கம்பளியை மடித்து வைத்தேன், பழைய தலையணையை வைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தும், வண்டியின் ஓரமெல்லாம் இரண்டு கோடாக வந்து நின்றது. எங்கள் சேகரிப்பாளர் குழுவில் ரயில் மாடல் விற்கிற ஒருவர் இருக்கிறார், அவரை ரயில்காரர் என்போம். என் படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, அண்ணே கண்ணாடி போட்டுக்கிட்டு எடுங்க என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மெஷினை நிறுத்தச் சொன்னதே மாமாதான். இதை நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நான் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம் நிறுத்திக்கோங்க மாப்பிள்ளை. காலை வேளை பஸ்ல மூச்சு விட இடமில்லாம நின்னவன் நான். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

முகம் கழுவ, உடை மாற்ற என்று கொஞ்ச நேரம் குழாயை எடுப்பதில் தப்பில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன், அவ்வளவே. மாமா ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர்போல் விறைப்பாக, இமைகூடத் தட்டாமல் படுத்திருப்பார். உங்களை யாரும் படம் பிடிக்கவில்லை மாமா, வண்டியைத்தான் பிடிக்கிறேன் என்று கிண்டல் செய்வேன். இரண்டு பேரும் சிரிப்போம். அவர் சிரித்தால் கட்டில் ஆடும் என்பதால் பிறகு நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தயார் என்றால் அவர் ‘ரைட்’ என்று சொல்ல வேண்டும். நான் கிளிப்பைக் கழற்றி, மின்விசிறியையும் மெஷினையும் அணைப்பேன். முடியவில்லை என்றால் ‘ஸ்டாப்’ என்று சொல்ல வேண்டும், அந்த நொடியே மெஷினைப் போட்டுவிடுவேன். முதலில் அவருடைய பழைய விசிலைக் கையில் கொடுக்கலாமா என்றுகூடக் கேட்டேன். அத ஊதவும் மூச்சு வேணுமே மாப்பிள்ளை என்று அவரே சொன்னார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர்.

ஆரம்பத்தில் அவர் சீக்கிரமே ‘ஸ்டாப்’ சொல்லிவிடுவார். பாதியில் நின்றுபோன வரிசைகள் எத்தனையோ. நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மெஷினைப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு முகம் சுண்டிப்போகும். அவசரப்பட்டுவிட்டேன் என்று அவராகவே வருத்தம் தெரிவிப்பார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தாங்குவார், அதற்கடுத்த தடவை அதைவிடக் கொஞ்சம். உதட்டில் நீலம் ஏறும். மெஷின் ஓடியதும் இறங்கிவிடும். எதையும் பழக்கினால் பழகும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நுரையீரலுக்கு இது ஒரு பயிற்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா ஏன் இப்போதெல்லாம் சாயங்காலமானால் பேசவே மாட்டேன் என்கிறார், நாலு வாய்கூடச் சாப்பிடாமல் தூங்கிவிடுகிறாரே என்று மனைவி கேட்டாள். வயதாகிறது என்றேன். உண்மைதானே? அவர் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. பயந்துகொண்டு சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். போக்கிடம் இல்லாமல் மருமகன் வீட்டில் இருப்பவர் வேறு என்ன செய்வார் என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அது அவருடைய கற்பனை. மாமாவுக்குப் போக்கிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மெஷினைக் கூடத்துக் கோடியில் வைத்து நீளமான குழாய் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கூடத்தின் அந்தக் கோடி சிமென்ட் தளம்தான், அதிர்வு வந்திருக்காது. நீளமான குழாய் வீட்டிலேயே இருந்தது. அப்பாவைச் சாப்பாட்டு மேசைவரை நடத்திக் கூட்டி வரலாம் என்று மனைவி வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். ஆனால் தரையில் குழாய் ஓடினால் கேமரா ஸ்டாண்டின் காலில் மாட்டும். ஒரு தடவை மாட்டினால் அன்றைய வேலை கோவிந்தா. இந்தத் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், காலடியில் எதுவும் கிடக்கக் கூடாது என்பதுதான் பாலபாடம்.

அன்றைக்கு எடுத்தது ஒரு பஸ். பழைய காலத்து உருண்டை மூக்கு பஸ், உள்ளே இருக்கைகள், கம்பிகள், டிக்கெட் பையோடு நிற்கும் கண்டக்டர்கூட உண்டு. வந்த நாளிலிருந்து மாமா அதைக் கீழே வைக்கவில்லை. மார்மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பார். நான் அவருடைய விரல் ரேகைகளைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனேன். இதை மட்டும் விற்க வேண்டாமே என்று ஒருமுறை கேட்டார். தொழிலில் பாசம் பார்த்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பஸ்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுக்கிறவர்போல் சொன்னார்:

"சரி, நல்ல இடமா பாத்துக் குடுங்க. போட்டோ நல்லா இருந்தாத்தான் நல்ல இடம் அமையும். நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் தாங்கிக்கிறேன்."

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். இது அவர் வாயால் சொன்னது. இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.

பஸ் நீளமானது, ஆகவே படங்களும் அதிகம் தேவைப்பட்டன. மதியம் சாப்பாடு முடித்து, வாய் துடைத்துவிட்டு, தலையணையைச் சரிசெய்தேன். அவர் ‘ரைட்’ என்றார். எல்லாவற்றையும் அணைத்தேன். அப்படி ஓர் அமைதியை நான் அந்த அறையில் அதுவரை கேட்டதில்லை. கடைசிப் படம்வரை ஒரே வரிசையாக எடுத்து முடித்தேன். உடனே மெஷினைப் போட்டேன், கிளிப்பையும் மாட்டினேன். கிளிப்பில் எண் எதுவும் வரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று வேறு போட்டுப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. பஸ்ஸை அதன் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு டாக்டருக்கும் மனைவிக்கும் போன் செய்தேன். கரண்ட் போய்விட்டது, மெஷின் நின்றுவிட்டது என்றேன். அது பொய்தான். துக்கத்தில் இருப்பவளிடம் ஃபோகஸ் பற்றியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

டாக்டர் வந்து சேர நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது? படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டவிட்டேன். திரையில் வந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முன் விளக்கின் கண்ணாடிக் கோடு முதல் பின் சக்கரத்தின் போல்ட் வரை அப்படியே இருந்தது. தெருவில் நிற்கிற பஸ், ஏறிப் போகலாம். என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்து, தோளில் கை வைத்து, வயதானவர், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். தேற்றிக்கொள்கிறேன் என்றேன்.

‘இன்று மதியம் எடுத்தது’ என்று எழுதிப் படத்தை அன்றைக்கே போட்டேன். வந்த பாராட்டைச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். ரயில்காரரே இறங்கி வந்து, சத்தியமாக இது மாடல்தானா, இந்தத் தெளிவு எப்படி வந்தது, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் அண்ணே என்று கேட்டிருந்தார். ஒருவர் இவ்வளவு மனம்விட்டுக் கேட்கும்போது தொழில் ரகசியம் என்று ஒளித்து வைப்பது சின்னத்தனம். அதிர்வுதான் எதிரி, அறையில் என்ன மெஷின் ஓடினாலும், எதற்காக ஓடினாலும், முதல் படத்துக்கு முன் அணைத்துவிடுங்கள், கடைசிப் படம்வரை போடாதீர்கள், நான் அப்படித்தான் செய்தேன் என்று பதில் எழுதினேன். இப்போது நீங்கள் அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என் மனைவி, அப்பாவுக்குப் பிடித்த பஸ்ஸின் படம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அன்னிக்கு மதியம் கரண்ட் போச்சுன்னு சொன்னீங்க. இதுல ரெண்டு பக்கமும் லைட் எரியுதே."

ஜன்னல் வெளிச்சம் என்றேன்.

"எது ஜன்னல் வெளிச்சம், எது லைட்டுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாளா நீங்க பேசினதக் கேட்டுக்கிட்டுதான இருந்தேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று என்று நினைத்திருந்தேன். அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். பிறகு அவள் திரையைத் தள்ளிக்கொண்டே போய் நான் ரயில்காரருக்கு எழுதிய பதிலைப் படித்தாள். ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை வாய்விட்டு. எங்கப்பாவுக்கு யாருகிட்டயும் முடியாதுன்னு சொல்லத் தெரியாதே என்றாள். அழவில்லை. உங்களுக்குப் போன் செய்தது அவள்தான். துக்கம் தெளிந்தால் சரியாகிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று உங்கள் ஆட்கள் என்னைச் சுவரோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். வெளிச்சத்தை நேராக நெற்றியில் அடித்து, பின்னால் நிழலை அப்பி, பார்ப்பதற்குக் கொலைகாரன் மாதிரி வந்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு வெள்ளை அட்டை பிடித்திருந்தால் போதும். இன்னொன்று எடுக்க நான் தயார்.

கடைசியாக நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு வருகிறேன். அவர் ‘ஸ்டாப்’ சொன்னாரா என்றால், சொல்லவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் அப்போது பஸ்ஸின் நடு ஜன்னல்வரை வந்திருந்தேன். பிறகு கையைத் தூக்கினார். பார்த்தேன். பார்க்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம், நீங்களும் வேறு வழியில்லாமல் நம்பியிருப்பீர்கள். ஆனால் பார்த்தேன். உள்ளங்கை என் பக்கம் திரும்பியிருந்தது, ரொம்ப நேரம் தூக்கியபடியே வைத்திருந்தார். கை காட்டினால் ஓடுகிற பஸ்ஸே நிற்குமே என்று கேட்டீர்கள். கை காட்டுவது பயணியின் வேலை ஐயா, அவர் கண்டக்டர். எங்கள் ஒப்பந்தத்தில் கை என்று எதுவும் இல்லை. படுக்கையில் கிடக்கிற ஒரு பெரியவர், தன்னை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்ட மருமகனை நோக்கிக் கையைத் தூக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்து அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, மீதிப் படங்களை எடுத்தேன்.